ஓட்டம் நின்ற பின் எழும் கேள்வி

கென்யாவின் நெடுந்தூர ஓட்ட வீராங்கனை அக்னஸ் திறொப், 2021 செப்டெம்பரில் ஜேர்மனியில் நடைபெற்ற பெண்களுக்கான 10 கிலோமீற்றர் வீதியோட்டத்தை 30 நிமிடம் 1 செக்கனில் முடித்து உலக சாதனை படைத்தார். ஒரு மாதம் கழித்து, இட்டென் நகரிலுள்ள தன் வீட்டில் கத்திக்குத்துக் காயங்களுடன் இறந்து கிடந்தார். கணவர் மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதை மறுத்தார். தனது 26ஆவது பிறந்த தினத்திலேயே அக்னஸ் அடக்கம் செய்யப்பட்டார்.

இத்தகைய மரணங்களின்போது ரசிகர்கள் உண்மையாகவே அழுகிறார்கள். ஆனால் அழுகையோடு தீர்ப்பும் வந்துவிடுகிறது. "கைநிறைய உழைத்தவள், ஏன் முன்னமே விலகிப் போகவில்லை?" வீட்டுக்குள் அடிபட்ட எந்தப் பெண்ணுக்கும் இக்கேள்வி புதிதல்ல.

விலகிப் போவது அவ்வளவு இலகுவானதா? கென்யாவில் பல வீராங்கனைகளுக்குக் கணவரே பயிற்றுநர். பரிசுப் பணமும் அதில் வாங்கிய காணியும் அவர் கையிலேயே இருக்கும். பிரிந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. உகண்டாவின் மரதன் வீராங்கனை ரெபேக்கா செப்டெகெய், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடி ஒரு மாதத்துக்குள், முன்னாள் துணைவர் பெற்றோல் ஊற்றித் தீ வைத்ததால் உயிரிழந்தார். காணித் தகராறே காரணம் எனச் செய்திகள் வெளியாகின.

அக்னஸின் சக வீராங்கனைகள் அழுததோடு நின்றுவிடவில்லை. 'திறொப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கி, வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்குத் துணை நிற்கிறார்கள்.

சகோதரிகளே, இறந்தவளிடம் "ஏன் போகவில்லை" என்று கேட்டுப் பயனில்லை. உயிரோடிருக்கும் அயல்வீட்டுப் பெண்ணிடம் "எந்த நேரமும் எங்கள் வீட்டுக்கு வரலாம்" என்று இன்றே சொல்லி வைப்போம்.