பிடி உதறினால் மட்டும் போதாது

தெருவில் கையைப் பிடித்து இழுத்தவனிடமிருந்து தப்பி வந்த பெண்ணிடம் வீட்டார் சொல்வது, "குளிச்சிட்டுப் படு, காலையில பாத்துக்கலாம்." காலையில் நகக்கீறல் மங்கியிருக்கும், கிழிந்த துப்பட்டா துவைத்துக் கொடியில் காயும். வழக்கில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

பள்ளி, கல்லூரிகளில் தற்காப்புப் பயிற்சி தருவது நல்லதுதான். ஆனால் ஓடு உடைத்துக் காட்டிப் படம் எடுப்பதோடு முடிகிற முகாம்களால் யாருக்கு என்ன பயன்? அன்றாடத்துக்கு வேண்டியது எளிமையானது. மணிக்கட்டைப் பிடித்தால் நேராகப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அவனுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருமிடம்தான் பிடியின் பலவீனம். ஓரடி அவன் பக்கமே வைத்து, முழங்கையை மடக்கி, அந்த இடைவெளி வழியாக வெடுக்கென்று கையை உருவுங்கள். கூடவே அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். கத்தக் கூச்சப்படுகிறவர்களே அதிகம், அதனால் அதையும் பயிற்சியில் பழக வேண்டும். பிடி விட்டதும் ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் ஓடி, 112-ஐ அழையுங்கள். வண்டியில் போகும்போது சங்கிலியை இழுத்தால் விட்டுவிடுங்கள். நகைக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

திருப்பி அடிக்க உரிமை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது என்கிறது 37. விழுந்து கிடப்பவனை மிதித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். அடித்துவிட்டு நிற்காதீர்கள், ஓடுங்கள்.

காயம் இருந்தால் அன்றிரவே அரசு மருத்துவமனைக்குப் போய், விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், பதியச் சொல்லுங்கள். மானம் போகும் என்று பயந்து "கீழ விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னது அப்படியே பதிவாகும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் நீட்டுவார். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் போட்டு வையுங்கள்.

அடுத்து காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்ல" என்பது இனி செல்லாது. எந்த நிலையமானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. பாலியல் தாக்குதல் புகாரைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினால் வழக்குப் பதிவாகிவிட்டதென்று நம்பி வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான சீட்டு, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், அதை இலவசமாகத் தர வேண்டும். "விசாரிச்சிட்டுப் போடறோம்" என்றால் அதற்கும் எல்லை உண்டு: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள்.

மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். நடந்ததை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையாவிட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் தாக்குதல் பற்றிய புகாரைப் பதியாத அதிகாரிக்கு, நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. அந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.