எழுத்தறியா முதியோரும் மறதி நோயும்

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 10.4 கோடி. 2050-இல் இத்தொகை 30 கோடியைத் தாண்டும் என மதிப்பிடப்பட்டுள்ளது. நீண்ட ஆயுளோடு வரும் நோய்களுள், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பேணுவதற்கு மட்டுமன்றிக் கண்டறிவதற்கும் கடினமானது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதுமையின் இயல்பு. பல்லாண்டு நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், சமைக்கும் முறையே நினைவிலிருந்து நழுவுவதும் நோயின் அறிகுறிகள்.

இந்நோயைக் கண்டறிய 1975-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒரு வினாத்தொகுப்பு உலகெங்கும் பரவியது. ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்க, ஒரு வாக்கியம் எழுதுக என்பவை அதில் அடங்கும். நம் முதியோரில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிக்கே செல்லாதவர்கள். எழுத்தறியாமையை அறிவுத் தேய்வாகக் கணக்கிடும் பிழைக்கு இங்கு இடமுண்டு.

இப்பிழையைத் தவிர்க்க, அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் ஆய்வு நடத்தியோர் 1990-களில் அவ்வினாக்களை மாற்றியமைத்தனர். படித்துச் செய்யும் கட்டளைக்கு மாறாக, 'என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைப் போலவே செய்யுங்கள்' என்று கூறிக் கண்களை மூடிக் காட்டினர். வாக்கியம் எழுதுவதற்கு மாறாக, வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு கேட்டனர். சிறிய மாற்றங்களே, எனினும் பல இலட்சம் முதியோரை நியாயமாக அளக்க வழி செய்தவை அவையே.

இந்த இந்தி வினாத்தொகுப்பும் 2017 முதல் 2020 வரை 18 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் நடந்த ஆய்வில் இடம் பெற்றது. நாடு தழுவிய முதுமை ஆய்வின் ஒரு பகுதியான அதில் 4,096 முதியோர் பரிசோதிக்கப்பட்டனர். 2023-இல் வெளியான முடிவின்படி, 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 இலட்சம் பேர் மறதி நோயால் துன்புறுகின்றனர். ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். நகரங்களைவிடக் கிராமங்களில் இந்நோய் மிகுதி. கல்வி குன்றியோரிடையேயும் மிகுதி. அறுபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமியே இன்று இக்கணக்கில் இடம் பெறும் மூதாட்டி என்று கொள்வது பெரிதும் பொருந்தும்.

லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் உலக அளவில் ஆராய்ந்து, மாற்றத்தக்க 14 காரணங்களை வரையறுத்தது. இளமைக் கல்வியின்மை, செவித்திறன் குறைவு, திருத்தப்படாத பார்வைக் குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் ஆகியவை அவற்றுள் சில. இவை அனைத்தும் களையப்பட்டால் நோயாளிகளில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. கண்புரை அறுவையும் இரத்த அழுத்த மாத்திரையும் மூளையைக் காக்கும் பணிகளே என்பதை மாவட்ட அதிகாரிகள் கருத்தில் கொள்வது நன்று.

நோய் வந்தபின் சுமை பெரும்பாலும் வீட்டிலுள்ள மனைவி, மகள் அல்லது மருமகள் மீதே விழுகிறது. முதியவரிடம் எந்தப் பொறுப்பும் விடப்படாத குடும்பத்திலோ நோய் வெகுகாலம் தெரிவதே இல்லை. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008-இல் வெளியான ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு மாத காலம் வீடு தேடிச் சென்று நோயை விளக்கினர். முதியவரின் சினத்தையும் அலைச்சலையும் கையாளும் முறைகளைக் கூறினர். பேணுவோரின் மனச்சுமை தெளிவாகக் குறைந்தது. ஆலோசகர்கள் மருத்துவர்களல்லர்; பள்ளிப்படிப்பு முடித்தவர்களே.

ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில், நெருங்கியவர்களின் பெயரையோ தம் வீட்டு முகவரியையோ மறக்கிறீர்களா என்ற வினா முதியோருக்கென இடம் பெற்றுள்ளது. 'ஆம்' என்பவரை மருத்துவ அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். அங்கிருந்து வீடு திரும்பும் குடும்பத்தை மீண்டும் சென்று காண்பதற்கு, கோவாவில் இருந்தது போன்ற ஓர் ஆளை ஒவ்வொரு வட்டாரத்திலும் அமர்த்துவதே எஞ்சியுள்ள வேலை.