ஐந்தில் ஒருவர் கிம்!

நண்பர்களே, ஒரு வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் என்ன செய்வோம்? 'கே.கார்த்திக்', 'எஸ்.கார்த்திக்' என்று இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் 40 பேர் உள்ள வகுப்பில் 8, 9 பேர் 'கிம்', 6 பேர் 'லீ', 3 பேர் 'பார்க்' என்று இருந்தால்? தலை சுத்துதா? தென் கொரியாவில் சராசரியாக ஒரு வகுப்பு அப்படித்தான் இருக்கும்!

கணக்கைப் பார்ப்போமா?

தென் கொரியாவில் 2015-ஆம் ஆண்டு எடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, கிம் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். அதாவது 100 பேரில் 21 பேருக்கு மேல். லீ 100க்கு சுமார் 15, பார்க் 100க்கு சுமார் 8. மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட பாதி நாடு! "சியோலில் போய் கிம்மைத் தேடுற மாதிரி" என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. தலைநகர் சியோலில் முகவரி இல்லாமல் ஒரு கிம்மைக் கண்டுபிடிக்க முடியுமா என்ன?

கொரியர்கள் குடும்பப் பெயரை முதலிலும் சொந்தப் பெயரைப் பின்னாலும் எழுதுவார்கள். 1993 முதல் 2003 வரை அடுத்தடுத்து ஜனாதிபதியாக இருந்தவர்கள் கிம் யங் சாம், கிம் டே ஜுங். இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை! 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தென் கொரியாவின் கிம் டே ஜுங்கும் வட கொரியாவின் கிம் ஜோங் இல்லும் சந்தித்துக் கை குலுக்கினார்கள். அங்கேயும் இரண்டு கிம்!

ஏன் இத்தனை கிம்?

'கிம்' என்பதை எழுதும் சீன எழுத்துக்குத் தங்கம் என்று பொருள். பழைய காலத்தில் குடும்பப் பெயர் ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டும்தான். சாதாரண மக்களுக்கும் அடிமைகளுக்கும் வெறும் பெயர்தான். குடும்பப் பெயரும், 'ஜோக்போ' என்ற வம்சாவளிப் புத்தகமும் இருந்தால்தான் மரியாதை.

சும்மா இருப்பாங்களா மக்கள்? நொடித்துப்போன பிரபுக் குடும்பங்களிடம் சிலர் காசு கொடுத்து வம்சாவளியில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். 1894-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1909-இல் எல்லாரும் குடும்பப் பெயரோடு பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயர் இல்லாதவர்களில் பலர் தங்கள் பழைய எஜமானின் பெயரை வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஊரில் பெருமையாகப் பேசப்படும் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வைக்கிறதுதான் வைக்கிறோம், ராஜா வீட்டுப் பெயராக வைப்போமே! அப்படிப் பெருகியதுதான் கிம்மும் லீயும் பார்க்கும்.

பெயர் தடுத்த கல்யாணம்

ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் மூதாதையர் ஊர் ஒன்று உண்டு. கிம்ஹே ஊர் கிம், கியோங்ஜு ஊர் கிம் என்று பிரித்துச் சொல்வார்கள். ஒரே ஊர், ஒரே பெயர் என்றால் பங்காளி முறை. நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் அல்லவா? அதே மாதிரிதான். ஆனால் அங்கே அது சட்டமாகவே இருந்தது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா? கிம்ஹே கிம் மட்டுமே 2015 கணக்குப்படி 44 லட்சத்துக்கு மேல்! நாட்டின் இரு மூலைகளில் பிறந்து, ஒரு சொட்டு ரத்த சம்பந்தமும் இல்லாத இரண்டு பேர் விரும்பினாலும் திருமணத்தைப் பதிவு செய்ய முடியாது. என்றோ ஒரு கொள்ளுத் தாத்தா மரியாதைக்காக எடுத்துக்கொண்ட பெயர், பேரன் பேத்தியின் வாழ்க்கையைத் தடுத்தது. இப்படித் தவித்த தம்பதிகளுக்காக 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் அரசு தற்காலிகச் சலுகை கொடுத்தது. கடைசியில் 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்னது. 2005-இல் சட்டமும் திருத்தப்பட்டது. இப்போது நெருங்கிய உறவினர்களுக்குள் மட்டும்தான் தடை.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! ஒரு காலத்தில் 'கிம்' என்றால் ராஜ வம்சம். இன்று ஐந்தில் ஒருவர் கிம். ராஜாவின் வாரிசு யார், அடிமையின் வாரிசு யார் என்று பெயரைக் கேட்டு யாராலும் சொல்ல முடியாது. எல்லாரும் எடுத்துக்கொண்டதால் அந்தப் பெயரில் இருந்த மேல், கீழ் கரைந்தே போச்சு. அது நல்லதுதானே?

☆ கொசுறு ☆

* 'லீ' என்று நாம் சொல்லும் பெயரைத் தென் கொரியர்கள் 'ஈ' என்றுதான் உச்சரிப்பார்கள். 'பார்க்' என்பது 'பாக்'.

* கல்யாணம் ஆனாலும் கொரியப் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை.

* கிம்மையே மிஞ்சும் பெயர் ஒன்று உண்டு! வியட்நாமில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 'நுயென்'. 1802 முதல் 1945 வரை அந்த நாட்டை ஆண்ட அரச வம்சத்தின் பெயரும் அதுதான்.