கனடா வேலை அனுமதி: கட்டணம் கட்டும் முன்பே முடிவாகும் விஷயம்

கனடாவில் படித்து முடித்தால் வேலை அனுமதி தானாக வந்துவிடும் என்று நம்பிக் கல்விக்கடன் வாங்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த நம்பிக்கை இன்று செல்லாது. பி.ஜி.டபிள்யூ.பி. எனப்படும் அந்த அனுமதி ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான். அது கைக்கு வருமா, வராதா என்பது பட்டம் வாங்கும்போது அல்ல, கல்லூரியையும் படிப்பையும் தேர்ந்தெடுக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

தகுதியுள்ள நிறுவனத்தில் குறைந்தது 8 மாதப் படிப்பை முழுநேர மாணவராக முடிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 2 ஆண்டுப் படிப்புக்கு 3 ஆண்டு வரை அனுமதி உண்டு. முதுநிலைப் பட்டம் என்றால் அதற்குக் குறைந்த காலம் படித்திருந்தாலும் அதே 3 ஆண்டு. 2024-இல்தான் கெடுபிடி கூடியது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை உரிமம் பெற்று நடத்தும் தனியார் கல்லூரிகளில் அந்த ஆண்டு மே 15 முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு இந்த அனுமதி கிடையாது. நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் டிப்ளமோ படிப்பதானால், அது அரசு பட்டியலிட்ட துறைக்குள் வர வேண்டும். பட்டியலில் பார்க்க வேண்டியது படிப்பின் பெயரை அல்ல, படிப்புகளை வகைப்படுத்தும் ஆறு இலக்க சி.ஐ.பி. எண்ணை. மொழித்தேர்வும் கட்டாயமாகிவிட்டது. கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் இதற்குச் செல்லாது. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுவதானால் ஜெனரல் டிரெய்னிங் எழுதி, பல்கலைக்கழகப் பட்டதாரி நான்கு பிரிவிலும் 6 எடுக்க வேண்டும்.

விதிகள் அடிக்கடி மாறும்போது முன்கூட்டிப் பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பித்த நாளில் உங்கள் துறை பட்டியலில் இருந்தால், பிறகு நீக்கப்பட்டாலும் துறை அடிப்படையிலான தகுதி போகாது. முன்பே பார்த்தவருக்கு விதியே பாதுகாப்புத் தருகிறது. வேலையை மட்டும் கணக்குப் போட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது கல்வியைச் சிறுமைப்படுத்தாதா என்பது இன்னொரு கேள்வி. இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை. இலக்கியமோ வரலாறோ விரும்பிப் படிப்பவருக்கு வழி திறந்தே இருக்கிறது. அடிபடுபவர்கள், ஏஜென்ட் காட்டிய படிப்பில் விசாரிக்காமல் சேர்ந்தவர்கள்தான். வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி வாங்கிய கடனை, அந்தச் சம்பளம் இல்லாமல் அடைக்க வேண்டிய நிலை அவர்களுடையது.

ஆகவே முன்பணம் கட்டும் முன், கல்லூரியின் தகுதியையும் படிப்பின் எண்ணையும் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். படிப்பு முடிந்ததற்கான சான்று கிடைத்த 180 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதிக்கு மேல் அனுமதி நீளாது என்பதால், அதையும் முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.