ஆண்டு முழுதும் வேட்டை, சில வாரமே விலை

வட அமெரிக்காவில் கயோட்டி என்றொரு விலங்கு உண்டு. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. மொன்டானா மாநிலத்தில் இதை ஆண்டு முழுதும் வேட்டையாடலாம். ஆனால் தோலுக்கு நல்ல விலை கிடைப்பதோ சில வாரங்கள்தான். சரக்கு கிடைக்கும் காலமெல்லாம் தரம் கிடைக்காது என்பது நமக்குப் புதிதல்லவே!

குளிர்கால உரோமத்தை வளரச் செய்வது முக்கியமாகப் பகல் பொழுது குறைவதுதான், குளிரன்று. ஆகவே அக்டோபரிலேயே பனி கொட்டினாலும் தோல் முற்றிவிடாது. நாம் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல், தோல் வியாபாரி உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறார். நீலம் பாய்ந்திருந்தால் முற்றாத சரக்கு; வெளிறியிருந்தால் முற்றிய சரக்கு.

நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை நல்ல பருவம். ஆனால் மான் வேட்டைப் பருவம் நவம்பர் இறுதி வாக்கில்தான் முடிகிறது. அதுவரை எங்கும் துப்பாக்கிக்காரர்கள் நடமாட்டம். அதன்பின் டிசம்பரில் கிளம்புவதே உசிதம். பிப்ரவரி இனச்சேர்க்கைக் காலம். குரல் கொடுத்தால் கயோட்டி எளிதில் வரும். அதற்குள் தோளிலும் பின்புறத்திலும் உரோமம் தேய்ந்திருக்கும். எண்ணிக்கை கூடும், விலை இறங்கும்.

பருவம் பார்த்துச் சரக்கு சேர்த்தாலும் வாங்குவோர் வேண்டுமே! குளிர் அங்கியின் தலைமூடி ஓரத்தில் வைத்துத் தைக்க இவ்வுரோமத்தை வாங்கிவந்த கனடா கூஸ் நிறுவனம், 2021 ஜூனில் ஓர் அறிவிப்பு விடுத்தது. அவ்வாண்டு இறுதியோடு உரோமக் கொள்முதல் நிற்கும், 2022 இறுதிக்குள் உரோமம் வைத்துத் தைப்பதும் நிற்கும் என்றது.