சுற்றாத மிக்சி

பென்னாகரத்தில் ஒருவர் கைபேசியில் படம் பார்த்து மிக்சி வாங்குகிறார். வந்த மிக்சி சுற்றவில்லை! கடையோ கண்ணுக்குத் தெரியாத கடை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

விற்ற வியாபாரி டெல்லியில் இருக்கலாம். அதற்காக டெல்லிக்கு ரெயில் ஏற வேண்டாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தர்மபுரியிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகவும் தேவையிராது. நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதினால், புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் அவர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் குறையைத் தீர்க்க வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று வியாபாரி சொல்லக்கூடாது.

ரசீதும் பெட்டியும் பத்திரமாக இருப்பது நல்லது. பல வீடுகளில் பெட்டி முதல் நாளே அடுப்புக்குப் போய்விடுகிறது!