இலண்டன் மாநாடும் இழந்த மொழியும்

1881-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலண்டன் மாநகரில் ஏழாவது அகில உலக மருத்துவ மாநாடு கூடிற்று. பல தேயங்களினின்றும் வந்து குழுமிய மருத்துவர் மூவாயிரவர்க்கு மேற்பட்டவர். பாஸ்டர், லிஸ்டர், கோக் முதலிய பேரறிஞரும் அவ்வவையில் இருந்தனர். அங்கே ஆராயப்பட்டவை பலவாயினும், மூளையைக் குறித்து எழுந்த ஒரு வாதமே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கு மூளையோடு என்ன தொடர்பு என வினவுவார்க்கு, அவ்வாதத்தின் வேர் மனிதன் பேசும் மொழியிலே கிடக்கின்றது என்பதே நமது விடை.

அவ்வேரை முதற்கண் காண்போம். 1861-ல் பாரிசு நகரை அடுத்த பிசேத்தர் மருத்துவ நிலையத்தில் லெபோர்ன் என்னும் நோயாளி ஒருவர் இறந்தார். அங்கே 21 ஆண்டுகள் வாழ்ந்த அவர் வாயினின்று, ஏறக்குறைய நம் 'தான்' போல ஒலிக்கும் ஓரசையன்றி வேறொரு சொல் வருவது அரிது. நமக்கு 'தான்' என்பது தேற்றப்பொருள் தரும் ஓர் இடைச்சொல். அவர்க்கோ அதுவே முழு அகராதி. ஆயினும் பிறர் கூறுவதை அவர் உணர்ந்தார்; சைகையாலும் குரலின் ஏற்றத்தாழ்வாலும் விடையிறுத்தார். புரோக்கா என்னும் மருத்துவர் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்புறத்து முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். இத்தகையோர் பலரையும் ஆராய்ந்தபின், மக்களுள் பெரும்பாலார்க்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பாகமே என 1865-ல் அறிவித்தார்.

இதனைத் தொடர்ந்து இரு கட்சிகள் வலுத்தன. மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு தொழில் உண்டு என்பது ஒன்று. இலண்டன் டேவிட் ஃபெரியர் அதன் தலைவர். மூளை முழுதும் ஒன்றாகவே தொழில் புரிவது, ஒரு பகுதி கெடின் தொழில் குன்றுமேயன்றி அடியோடு அழியாது என்பது மற்றொன்று. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் கோல்ட்ஸ் அதன் தலைவர். மாநாட்டில் இருவரும் சொல்லால் மட்டும் பொருதாரல்லர். கோல்ட்ஸ், தாம் மூளையின் பெரும்பகுதியை நீக்கிய நாய் ஒன்றைக் கொணர்ந்து, அது நடப்பதையும் காண்பதையும் கேட்பதையும் காட்டினார். ஃபெரியர் கொணர்ந்தவை இரு குரங்குகள். ஒன்று ஒரு பக்கத்துக் கையும் காலும் முடங்கியது; மற்றொன்று செவி கேளாதது. முடங்கிய குரங்கு நொண்டி வரக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ, இது விலங்கன்று, ஒரு நோயாளியே என்னும்படி வியந்துரைத்தார். பின்னர் அவ்விலங்குகளின் மூளையை அறிஞர் குழு ஒன்று சோதித்தது. குரங்கின் மூளையில் ஃபெரியர் சொன்ன இடத்திலேயே ஊறு இருந்தது. நாயின் மூளையிலோ கோல்ட்ஸ் எண்ணியதினும் மிகுதியாக எஞ்சியிருந்தது. வெற்றி ஃபெரியர் பக்கமே எனப் பலரும் கொண்டனர். அவ்வாயில்லாப் பிராணிகள் பட்ட பாடு நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவதே. அவ்வாண்டிலேயே ஃபெரியர்மீது மிருகவதைச் சட்டப்படி வழக்குத் தொடுக்கப்பட்டு, நிலைபெறாது போயிற்று. எனினும் 1884-ல் இலண்டனில், ஒரு நோயாளியின் கைகால்களில் தோன்றிய குறிகளைக் கொண்டே மூளையில் கட்டி இருக்கும் இடத்தைக் கணித்து, மண்டையைத் திறந்து அதனை எடுத்தனர். நோயாளி பிழைத்திலர், கணிப்பும் பிழைத்திலது.

நிற்க. பகுதிக்கொரு தொழில் என்பதே முழு உண்மையாயின், பகுதி அழிந்தால் அதன் தொழிலும் என்றென்றைக்கும் அழிதல் வேண்டும். அங்ஙனம் நிகழ்கின்றதா? மரத்தினின்று விழுந்தோ, வண்டியில் அடிபட்டோ, மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டோ பேச்சிழந்தவருட் பலர் சில திங்களில் மீண்டும் பேசக் காண்கிறோம். இறந்த மூளையணுக்களோ பெரும்பாலும் மீள முளைப்பதில்லை. பின்னை மீட்சி எங்கிருந்து வருகின்றது? முதல் வாரங்களில் வருவது, வீக்கம் வடிவதனாலும், ஊறுபட்ட இடத்தைச் சூழ்ந்து செயலற்றுக் கிடந்த நற்பகுதிகள் விழித்தெழுவதனாலும் ஆவது. அதன்பின் வருவது பயிற்சியின் பயன். ஆற்றுப்பாலம் இடிந்தபின் ஊரார் சுற்றுவழியே சந்தைக்குச் செல்லப் பழகுவதுபோல, எஞ்சிய பகுதிகள் பழைய தொழிலைப் புதிய வழியாற் செய்யக் கற்கின்றன. ஆதலின், தோற்றதாகக் கருதப்பட்ட கோல்ட்ஸின் கட்சியிலும் ஒரு கூறு உண்மை உண்டு என்பது நம் துணிபு.

சுற்றுவழி எத்தகையது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உளது. சுவீடன் நாட்டு ஆலுப் தாலின் என்பார் 1745-ல் ஒருவனைப்பற்றி எழுதினார். வலப்பக்கம் முடங்கிப் பேச்சிழந்த அவன், நோய்க்குமுன் கற்றிருந்த ஞானப்பாட்டுக்களை மட்டும் தெளிவாகப் பாடினான். பாட்டின் தொடக்கத்தில் மற்றொருவர் சிறிது உடன்பாடித் துணைசெய்தல் வேண்டும், அவ்வளவே. பேச மாட்டாதவன் பாட வல்லனாதல் விந்தையே! பேச்சுக்குரிய வழி அடைபட்ட இடத்தும் பண்ணுக்குரிய வழி திறந்திருத்தல் கூடும். இவ்வுண்மையைக் கொண்டு, சொற்களை இசையேற்றிக் கூறப் பயிற்றும் முறை 1973-ல் அமெரிக்காவிலே பாஸ்டன் நகர அறிஞரால் வகுக்கப்பட்டது.

இனி நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்த வரலாற்றிற்கு வருவோம். 1943-ல் உருசியப் போர்க்களத்தில் சசெத்ஸ்கி என்னும் இளம் வீரரின் மண்டையிலே குண்டு பாய்ந்தது. அவர் முன்பு பொறியியல் பயின்ற மாணவர். உயிர் தப்பினார், ஆனால் எழுத்துக்களை மறந்தார், காணும் பொருளிற் பாதி அவர் கண்ணுக்குத் தோன்றவில்லை. அவரைப் பேணிய அறிஞர் லூரியா கண்ட குறை ஒன்று இலக்கணம் பயில்வார் கருதற்பாலது. 'தந்தை' என்றால் அவர்க்குப் பொருள் விளங்கும். 'தமையன்' என்றாலும் விளங்கும். 'தந்தையின் தமையன்', 'தமையனின் தந்தை' என்னும் இரண்டிற்கும் வேறுபாடு யாது என்றால் திகைப்பார். சொல் இருந்தது, சொல்லைச் சொல்லோடு பிணிக்கும் வேற்றுமைப் பொருள் போயிற்று. நாமாயின் 'பெரியப்பா' என ஒரே சொல்லாற் கூறித் தப்பலாம்; எல்லா இடத்தும் அங்ஙனம் தப்ப இயலுமா? ஆறாம் வேற்றுமையை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் நாம், அதனை உணர்வதற்கு மூளை இத்துணைத் தொழில் புரிகின்றது என எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் எழுதக் கற்ற வகையும் கேட்கத்தக்கது. எழுத்தெழுத்தாக நினைவுகூர்ந்து எழுத முயன்றபோது ஒன்றும் வந்திலது. வடிவத்தை எண்ணாது, கையை எடுக்காமல் சொல்லை ஒரே ஓட்டமாக எழுதுமாறு அவர்க்குச் சொல்லப்பட்டது. அங்ஙனமே செய்தார், கண்ணும் கருத்தும் மறந்ததைக் கை மறந்திலது. எழுதியதைத் தாமே படித்துணர அரிதிற் பாடுபட்ட அவர், சுமார் 25 ஆண்டுகளில் 3,000 பக்கங்கள் அளவிற்குத் தம் கதையை எழுதினார். முழு நலம் அவர்க்குக் கிட்டவில்லை என்பதையும் கூறாதிருத்தல் நேர்மையன்று.

நம் நாட்டில் இத்துறைக்கெனத் தனிப்பகுதி முதன்முதல் அமைந்தது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். மான்றியாலிற் பயின்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் அதனைத் தொடங்கினார். அவரும் சென்னை டாக்டர் இராமமூர்த்தியும் மற்றிருவரும் 1951-ல் இந்திய நரம்பியற் சங்கத்தை நிறுவினர். இன்று அறுவை மருத்துவரோடு, பேச்சுப் பயிற்றுவோரும் உடற்பயிற்சி மருத்துவரும் சேர்ந்தே நோயாளியைப் பேணுகின்றனர். எனினும் நாளின் பெரும்பகுதி அவரோடிருப்பவர் வீட்டாரே. பேச்சிழந்தவரை அறிவிழந்தவராகக் கருதி, அவர் முன்னிலையிலேயே அவரைப்பற்றிப் பேசுதல் நம் இல்லங்களில் எளிதில் நிகழ்வது. லெபோர்னும் அனைத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிறு தொடர்களாற் பேசுதலும், அவர் சொல்லைத் தேடுங்கால் நாம் முந்திக்கொள்ளாது காத்திருத்தலும் மருந்தோடு ஒத்தவை என்பர் இத்துறை வல்லார்.

ஒன்று கூறி நிறுத்துவோம். இருமொழி அறிந்தவர் பேச்சிழந்தால் எம்மொழி முன்னர் மீளும்? முதற்கற்ற மொழியே என்பது, இலண்டன் மாநாடு கூடிய அதே 1881-ல் வெளிவந்த ரிபோவின் நூலினின்று பெறப்பட்ட கொள்கை. அன்று, மிகுதியும் பழகிய மொழியே என்றார் பித்ர் 1895-ல். பின்வந்தோர் ஆராய்ச்சியில் இவ்விரு விதிகளும் எல்லாரிடத்தும் செல்லவில்லை; சிலரிடம் இரண்டும் ஒருங்கே மீள்கின்றன, சிலரிடம் ஒன்றே மீள்கின்றது. ஆதலின், பயிற்சி தொடங்குமுன் நோயாளியின் வீட்டாரை அழைத்து, அவர் தாயோடு பேசிய மொழி எது, கடைத்தெருவிற் பேசியது எது, கணக்கெண்ணியது எம்மொழியில் என்றெல்லாம் தேர்ந்த பயிற்றுநர் கேட்டறிகின்றனர்.